அடுத்த வருஷம் மியூசியத்துக்கு எத்தனை பேர் வருவாங்க?

வந்த கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அவிநாசியிலிருந்து அன்னூர் வழியாக மேட்டுப்பாளையம் போகும் ரோட்டில் ஒரு டிரஸ்ட் நடத்தும் சிறிய அருங்காட்சியகம். பழைய ஏர், மாடு பூட்டிக் கிணற்றுத் தண்ணீர் இறைக்கும் கவலைச் சால், செக்கு, கைத்தறி என்று நம் பக்கத்துப் பொருள்கள் வைத்திருக்கிறார்கள். வருஷத்துக்குச் சுமார் 40,000 பேர் வருகிறார்கள். எட்டு மாதம் முன்பு மேலாளராகச் சேர்ந்த பெண் கேட்கிறார்: "அடுத்த நிதியாண்டு பட்ஜெட்டுக்கு எத்தனை பேர் வருவாங்கன்னு ஒரே நம்பராச் சொல்லுங்கன்னு டிரஸ்ட்டில் கேட்கிறாங்க. கொரோனாவுக்கு அப்புறம் எந்தக் கணக்கும் நிற்க மாட்டேங்குது. எதை வைத்துச் சொல்றதுங்க?"

அம்மணி, நான் இருபது வருஷத்துக்கு மேல் இதே போன்ற ஒரு தனியார் அருங்காட்சியகத்தின் கணக்குப் பிரிவில் இருந்தவன். வருஷா வருஷம் ஜனவரியில் இதே கேள்வி என் மேஜைக்கும் வரும். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

கீழ்பவானி வாய்க்கால் பாசனக்காரர்களை நினைத்துக்கொள்ளுங்கள். முதல் போகத்துக்கு ஆகஸ்ட் 15 வாக்கில் தண்ணீர் விடுவது வழக்கம். ஜூலைக் கடைசியில் அங்கே யாரும் இந்த வருஷம் மழை எத்தனை மில்லிமீட்டர் என்று கணிக்க உட்காருவதில்லை. பவானிசாகரில் 105 அடிக்கு எத்தனை அடி நிற்கிறது என்று பேப்பரில் பார்க்கிறார்கள். மட்டம் ஏறியிருந்தால் நெல் நாற்று விடலாம். கீழே கிடந்தால் கடலையா எள்ளா என்று யோசிக்க வேண்டும். மழை யார் கையிலும் இல்லை, ஆனால் அணை மட்டம் கண்ணுக்குத் தெரியும் ஒன்று. எந்த மட்டத்துக்கு என்ன செய்வது என்பதையும் முன்னாடியே தீர்மானித்து வைத்திருக்கிறார்கள். உங்கள் மியூசியத்துக்கும் அப்படிப் பார்க்கக்கூடிய அணை மட்டங்கள் உண்டு. அவற்றைக் கண்டுபிடிப்பதுதான் வேலையில் முக்கால்வாசி.

முதலில் டிக்கெட் அடிக்கட்டைகளை எடுங்கள். மாத மொத்தம் போதாது, நாள்வாரியாக வேண்டும். பள்ளிக் கூட்டமா, குடும்பமா, ஊட்டி போகிற வழியில் இறங்கியவர்களா, டிரஸ்ட் விழாவுக்கு வந்தவர்களா என்று பிரியுங்கள். பழைய வருஷங்களுக்கு அது சரியாகக் கிடைக்காது. பள்ளி டிக்கெட் தனி நிறமாக இருந்திருந்தால் அதையாவது பிரிக்கலாம். நாளை காலையிலிருந்து கவுன்ட்டரில் ஒரு நோட்டுப் போட்டு, டிக்கெட் கிழிக்கும்போது "எந்த ஊருங்க? ஊட்டி போறீங்களா, திரும்பி வர்றீங்களா?" என்று ஒரு வார்த்தை கேட்டுக் கோடு போடச் சொல்லுங்கள். இலவசமாக உள்ளே விடும் குழந்தைகளையும் எண்ண வேண்டும். பல இடங்களில் டிக்கெட் விற்பனையையே வருகை என்று எழுதிவிடுகிறார்கள், ஐந்து வயதுக்குக் கீழ் வந்த குழந்தைகள் கணக்கிலேயே ஏறுவதில்லை. தண்ணீர், கழிப்பறை, நிழல் எல்லாம் அவர்களுக்கும் தேவைதானே.

இனி கணக்கு புரிவதற்காக உங்கள் 40,000-ஐ இப்படிப் பிரிக்கிறேன்: பள்ளிகள் 16,000, உள்ளூர்க் குடும்பங்கள் 15,000, ஊட்டி ரோட்டுக்காரர்கள் 6,000, மற்றவர்கள் 3,000. இவை நான் உதாரணத்துக்கு வைத்தவை. உங்கள் அடிக்கட்டை வேறு சொன்னால் அதைப் போட்டுக்கொள்ளுங்கள்.

பள்ளிகளில்தான் உங்களுக்கு மிகத் தெளிவான அணை மட்டம் இருக்கிறது. பள்ளிக்கூடங்கள் சொல்லாமல் வருவதில்லை. போன் பண்ணித் தேதி கேட்டு, பஸ் பேசி, பெற்றோரிடம் கையெழுத்து வாங்கிய பிறகுதான் கிளம்புகிறார்கள். அந்தப் போன் வந்த தேதியை எழுதி வைத்திருக்கிறீர்களா? எழுதியிருந்தால் ஒரு எளிய கணக்குப் போடலாம். போன வருஷம் மொத்தம் 160 பள்ளிகள், பள்ளிக்குச் சராசரி 100 பிள்ளைகள் என்று வைத்துக்கொள்வோம். அதில் செப்டம்பர் 30-க்குள் தேதி பிடித்தவை 48. அதாவது 30%. இந்த வருஷம் அதே தேதியில் 36 பள்ளிகள்தான் பிடித்திருக்கின்றன என்றால், 36-ஐ 0.30-ஆல் வகுத்தால் 120. பிள்ளைகள் 12,000. ஹோட்டல்காரர்களும் விமானக் கம்பெனிகளும் முன்பதிவை வைத்துப் போடுவது இதே கணக்குத்தான்.

இதில் ஒரு குழி இருக்கிறது, நான் விழுந்திருக்கிறேன். பதிவு குறைந்திருப்பது வேறு, தாமதமாவது வேறு. ஒரு வருஷம் செப்டம்பர்ப் பதிவு பாதிக்குப் பாதி இறங்கியதைப் பார்த்துவிட்டு, விளக்கம் சொல்லும் வழிகாட்டிகளில் இரண்டு பேரை அந்தப் பருவத்துக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பள்ளிகள் எல்லாம் டிசம்பரில் மொத்தமாக வந்து இறங்கின. மூன்று பஸ் பிள்ளைகள் வெயிலில் காத்து நின்றது இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது. அதிலிருந்து, பதிவு குறைந்து தெரிந்தால் வழக்கமாக வரும் பத்துப் பள்ளிகளுக்கு நானே போன் போட்டுவிடுவேன். "இந்த வருஷம் டூர் உண்டுங்களா? எப்ப?" என்று கேட்டால் கால் மணி நேரத்தில் தெளிவு கிடைக்கும்.

பள்ளி டூர் பஸ் உங்கள் ஒரு இடத்துக்காக மட்டும் வருவதில்லை என்பதையும் மறக்காதீர்கள். காஸ் வன அருங்காட்சியகம், வேளாண் பல்கலைக்கழகத்தில் 2018-ல் திறந்த பூச்சி அருங்காட்சியகம், ஜி.டி. நாயுடு காட்சியகம், கொடிசியா பக்கத்து அறிவியல் மையம் என்று கோவையில் மூன்று நான்கு இடங்களைக் கோத்து ஒரே நாளில் முடிக்கிறார்கள். அந்த மாலையில் நீங்களும் ஒரு பூ. கோவையில் புதிதாக ஒன்று திறந்தால் உங்கள் கூட்டம் குறையும் என்று டிரஸ்டில் பயப்படுவார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கோவைக்கு வரும் பஸ் கூடினால் உங்களுக்கும் பங்கு கூட வாய்ப்பு உண்டு. கோவை முடிந்து பஸ் எந்த ரோட்டில் திரும்புகிறது என்பதைப் பொறுத்த விஷயம் அது. டிரைவர்களிடம் கேளுங்கள், அவர்களுக்குத் தெரியாத வழி கிடையாது.

குடும்பங்களின் கணக்கு முழுக்க நாட்காட்டியில் இருக்கிறது. ஆங்கில மாதத்தை வைத்துப் போன வருஷத்தோடு ஒப்பிட்டால் ஏமாந்துபோவீர்கள். தீபாவளி 2024-ல் அக்டோபர் 31, வியாழன். விடுமுறைக் கூட்டம் நவம்பர் முதல் மூன்று நாளில் வந்தது. 2025-ல் அக்டோபர் 20, கூட்டம் முழுதும் அக்டோபருக்குள் முடிந்துவிட்டது. இரண்டு வருஷத்தையும் மாதவாரியாக வைத்தால் அக்டோபர் ஏறியது போலவும் நவம்பர் சரிந்தது போலவும் தெரியும், உண்மையில் எதுவுமே மாறியிருக்காது. 2026-ல் அது நவம்பர் 8-க்குப் போகிறது. அதனால் அக்டோபர், நவம்பர் இரண்டையும் சேர்த்தே ஒப்பிடுங்கள். தைப்பூசமும் அப்படித்தான்: 2025-ல் பிப்ரவரி 11, 2026-ல் பிப்ரவரி 1. பழனிக்குப் பாத யாத்திரை போகிற வாரத்தில் நம் பக்கத்துக் குடும்பங்கள் வேறெங்கும் கிளம்புவதில்லை.

கோடை விடுமுறையின் நீளமும் நிலையாக இல்லை. வெயிலுக்காக 2023-ல் பள்ளி திறப்பைத் தள்ளித் தள்ளி, ஆறாம் வகுப்பு முதல் மேல்வகுப்புகளுக்கு ஜூன் 12-ல்தான் திறந்தார்கள். 2024-ல் ஜூன் 6 என்று சொல்லிவிட்டு 10-க்கு மாற்றினார்கள். தேர்தல் வருஷம் என்றால் தேர்வுத் தேதியே நகரும், பள்ளிகள் வாக்குச் சாவடிகளாகும், ஆசிரியர்கள் தேர்தல் வேலைக்குப் போய்விடுவார்கள். 2024-ல் ஏப்ரல் 19-ல் நமக்கு வாக்குப்பதிவு நடந்ததே, அந்த ஏப்ரலைத் தனியாக எடுத்துப் பாருங்கள்.

முகூர்த்த ஞாயிறுகளை நான் எப்போதும் தனி நிறத்தில் குறிப்பேன். வைகாசியிலும் ஆவணியிலும் நல்ல முகூர்த்தம் ஞாயிற்றுக்கிழமையில் விழுந்தால் கொங்கு நாட்டில் பாதிப் பேர் மண்டபத்தில் இருப்பார்கள். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை, ஞாயிறுகள் சும்மா கிடக்கும். வருஷத்தில் இருக்கும் ஞாயிறுகளை கோடை ஞாயிறு, முகூர்த்த ஞாயிறு, சாதாரண ஞாயிறு என்று மூன்றாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் சராசரி கண்டுபிடித்து, அடுத்த வருஷப் பஞ்சாங்கத்தில் அவை எத்தனை என்று எண்ணிப் பெருக்குங்கள். பஞ்சாங்கம் முன்கூட்டியே அச்சாகிவிடுகிறது. எவ்வளவு நிச்சயமற்ற காலம் என்றாலும் அந்தப் பகுதி மாறப்போவதில்லை.

ஊட்டி ரோட்டுக்காரர்கள்தான் கணிக்கக் கடினமானவர்கள். 2024 மே 7 முதல் உயர் நீதிமன்ற உத்தரவால் நீலகிரிக்கு இ-பாஸ் வந்தது. 2025 ஏப்ரலிலிருந்து ஜூன் வரைக்கும் நாளுக்கு 6,000 வண்டி, சனி ஞாயிறு 8,000 வண்டி என்று எண்ணிக்கைக் கட்டுப்பாடும் சேர்ந்தது. இதனால் உங்களுக்குக் கூட்டம் கூடுமா குறையுமா என்று உட்கார்ந்து யோசித்துச் சொல்ல முடியாது. பாஸ் கிடைக்காமல் கீழேயே சுற்றிப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று உங்களிடம் வருகிறவர்களும் உண்டு, பாஸ் இல்லை என்று திருப்பூரிலும் ஈரோட்டிலும் வீட்டை விட்டே கிளம்பாதவர்களும் உண்டு. இரண்டில் எது பெரியது என்பதைக் கவுன்ட்டர் நோட்டு மட்டும்தான் சொல்லும். ஒரு கோடைக்குக் குறித்தால் போதும், இந்த ஒரு பிரிவில் உங்களை விட விவரம் தெரிந்தவர் ஜில்லாவில் இருக்க மாட்டார்.

இப்போது கொரோனா. 2020 மார்ச் 17-ல் இந்தியத் தொல்லியல் துறை தன் சின்னங்களையும் அருங்காட்சியகங்களையும் மூடியது. அந்த மே மாதம் யுனெஸ்கோ எடுத்த கணக்கில் உலகத்து மியூசியங்களில் கிட்டத்தட்ட 90%, அதாவது 85,000-க்கு மேல், பூட்டிக் கிடந்தன. 2021-ல் மறுபடியும் ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன் நடுவரை தொல்லியல் துறை மூடியது. இந்த வருஷங்களைச் சராசரியில் கலக்கக் கூடாது, முழுதாகக் கிழித்தெறியவும் கூடாது. திறந்திருந்த நாள்களுக்கு மட்டும் நாள் சராசரி எடுங்கள். வருஷ மொத்தம் சொல்லாத ஒன்றை அது சொல்லும்: கதவு திறந்திருந்தபோதும் மக்கள் எவ்வளவு தயங்கினார்கள் என்பது.

திரும்பி வருவதற்கு ஒரே வேகம் கிடையாது என்பதற்குப் பெரிய இடங்களே சாட்சி. பாரிஸ் லூவருக்கு 2019-ல் 96 லட்சம் பேர் வந்தார்கள், 2020-ல் 27 லட்சம். 2024-லும் 87 லட்சத்தில்தான் நின்றது. லண்டனில் பிரிட்டிஷ் மியூசியம் 2019-ல் 62 லட்சம், 2024-ல் 65 லட்சம், பழைய அளவையே தாண்டிவிட்டது. இரண்டுக்கும் அடி ஒரே காலத்தில் விழுந்தது. ஆனால் லூவர் இடையில் நாளுக்கு 30,000 பேர் என்று தானே ஒரு வரம்பு வைத்துக்கொண்டது. கூட்டம் குறைவது எப்போதும் ஆள் வராததால் மட்டும் இல்லை, நாம் விடாததாலும் இருக்கலாம். நீங்களும் கொரோனாவுக்குப் பிறகு ஒரு தடவைக்கு இத்தனை பேர், வாரம் ஒரு நாள் கூடுதல் விடுமுறை என்று ஏதாவது மாற்றினீர்களா என்று பழைய கோப்பில் பாருங்கள்.

2022 கோடையில் நான் செய்த தப்பையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருஷம் வீட்டுக்குள் கிடந்த ஜனம் அந்த ஏப்ரல் மே மாதத்தில் அலைமோதிக்கொண்டு வந்தது. இனி இதுதான் நம் அளவு என்று நம்பி, வழிகாட்டிப் புத்தகம் வழக்கத்தைப் போல இரண்டு மடங்கு அச்சடிக்கச் சொன்னேன். மறு வருஷம் கூட்டம் பழைய நிலைக்கு வந்தது, புத்தகம் ஸ்டோர் ரூமில் கரையானுக்குப் போனது. புதுக் கூடம் திறந்த வருஷத்துக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். முதல் வருஷத்து ஆர்வக் கூட்டத்தை மூன்றாம் வருஷத்துக்கும் எழுதிவிடாதீர்கள்.

சரி, நம்பருக்கு வருவோம். ஒவ்வொரு பிரிவுக்கும் கீழ், நடு, மேல் என்று மூன்று எண் எழுதுங்கள். உதாரணத்தில் பள்ளிகளுக்கு 12,000, 16,000, 18,000. குடும்பங்களுக்கு 13,000, 15,000, 17,000. ஊட்டி ரோட்டுக்கு 4,000, 6,000, 7,500. மற்றவர்களுக்கு 2,000, 3,000, 3,500. கீழ் எண்களை எல்லாம் அப்படியே கூட்டினால் 31,000, மேல் எண்களைக் கூட்டினால் 46,000. இந்த இடத்தில்தான் முக்கால்வாசிப் பேர் தவறுகிறார்கள். பள்ளியும் குறைந்து, குடும்பமும் குறைந்து, ஊட்டிக் கூட்டமும் அதே வருஷத்தில் குறைவது அபூர்வம். ஒன்று படுத்தால் இன்னொன்று தாங்கும். ஆகவே நடு எண்ணிலிருந்து ஒவ்வொன்றும் எவ்வளவு இறங்குகிறது என்று எடுத்து (4,000, 2,000, 2,000, 1,000), அவற்றின் வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுங்கள். சரியாக 5,000 வரும். கீழ் எல்லை 35,000. மேலேயும் அதே மாதிரி செய்தால் 43,000-க்குச் சற்று மேல். "40,000, கூடினால் 43,000, இறங்கினால் 35,000" என்று சொல்லலாம்.

அந்த 31,000-ஐத் தூக்கிப் போட வேண்டாம். எல்லாப் பிரிவையும் ஒரே காரணம் சேர்த்து அடிக்கும் வருஷத்துக்கு அது. தொற்று நோய் அப்படிப்பட்டது, பெரு வெள்ளம் அப்படிப்பட்டது. பணத் தட்டுப்பாடும் ஓரளவு அப்படி: 2016 நவம்பர் 8-ல் 500, 1000 ரூபாய் நோட்டு செல்லாது என்ற வாரத்தில் பத்து ரூபாய் டிக்கெட்டுக்குக்கூடச் சில்லறை இல்லாமல் திரும்பிப் போனவர்களைப் பார்த்தேன். 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா 50% வரி போட்டபோது, திருப்பூர் பனியன் கம்பெனிகளில் தீபாவளி போனஸ் என்னாகும் என்ற கவலை எல்லா வீட்டிலும் இருந்தது. அந்த மாதிரிச் சமயத்தில் வரி இத்தனை சதவீதம், அதனால் கூட்டம் இத்தனை சதவீதம் குறையும் என்று யாராவது எழுதிக் கொடுத்தால் வாங்காதீர்கள். நோட்டில் திருப்பூர் என்று கோடு விழுந்தவர்கள் எத்தனை பேர் என்று பாருங்கள். குடும்பங்களில் மூன்றில் ஒரு பங்கு திருப்பூர் என்றால், அந்தப் பங்குக்கு மட்டும் கீழ் எண்ணை இன்னும் இறக்குங்கள்.

நீங்கள் எழுதிய இடைவெளி நியாயமானதா என்று சோதிக்க ஒரு வழி உண்டு. மூடாத ஐந்து வருஷங்களை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் முந்தின வருஷ எண்ணையே கணிப்பாக வைத்தால் எத்தனை சதவீதம் தப்பியிருக்கும் என்று பாருங்கள். சராசரியாக 10% தப்பியிருந்தால், இந்த வருஷம் மட்டும் 3% தான் தப்பும் என்று எழுத நமக்கு உரிமை இல்லை. உங்கள் பிரித்துப் போட்ட கணக்கு அந்தச் சோம்பேறிக் கணக்கை விட நெருக்கமாக வந்தால்தான் இத்தனை உழைப்புக்கு அர்த்தம். வராவிட்டால் போன வருஷ எண்ணையே தைரியமாகக் கொடுங்கள்.

டிரஸ்டில் ஒரே நம்பர் கேட்பது ஏன் என்று யோசித்தீர்களா? அவர்களுக்குச் செலவு முடிவு எடுக்க வேண்டும். ஆனால் ஒவ்வொரு செலவுக்கும் வேறு நம்பர் பொருத்தம். வழிகாட்டிகளையும் குடிதண்ணீரையும் 43,000-க்குத் திட்டமிடுங்கள். ஒரு ஆள் ஒரு நாள் சும்மா இருந்தால் ஒரு நாள் கூலிதான் போகும், ஐந்து பஸ் வந்த நாளில் ஆள் இல்லாவிட்டால் அந்தப் பள்ளிகள் மறுபடி வராது. கேன்டீன் குத்தகையை 40,000-க்குப் பேசலாம். கடன் வாங்கிப் புதுக் கூடம் கட்டுகிற யோசனை இருந்தால் 35,000-லும் வட்டி கட்ட முடிகிறதா என்று பாருங்கள், முடியாவிட்டால் தள்ளிப் போடச் சொல்லுங்கள். இதில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன். கட்டடத்துக்காக ஊழியர் சம்பளத்தில் கை வைத்த இடங்களைப் பார்த்திருக்கிறேன். பொருள்களைத் துடைத்துக் காக்கிற ஆள் போன பிறகு புதுக் கூடத்தில் வைக்க என்ன இருக்கும்?

பட்ஜெட்டையும் வாய்க்கால் முறைப்படி இரண்டாகப் பிரித்துக் கேளுங்கள். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை உறுதியான ஒதுக்கீடு. அக்டோபர் முதல் மார்ச் வரைக்கும், செப்டம்பர் 30-ல் பள்ளிப் பதிவு எத்தனை என்று பார்த்த பிறகு. பதிவு 48-ஐத் தொட்டால் முழு ஒதுக்கீடு. 40-க்குக் கீழே இருந்து, போன் போட்டுக் கேட்டும் தேறாவிட்டால், அச்சு வேலையும் விளம்பரமும் நிற்கும், ஆள்களை மட்டும் நிறுத்தக் கூடாது. இதைப் பிப்ரவரிக் கூட்டத்திலேயே எழுத்தில் வாங்கிவிட்டால் அக்டோபரில் யாரும் யாரையும் குற்றம் சொல்ல வேண்டி வராது. அறங்காவலர்களில் விவசாயம் பார்க்கிறவர் ஒருவராவது இருப்பார். அவர் முதலில் தலையாட்டுவார் என்று நம்புகிறேன்.

கணிப்புத் தாளில் தேதி போட்டு, எந்தக் காரணத்தால் எந்த எண் என்று ஒரு வரி எழுதி, கையெழுத்துப் போட்டுக் கோப்பில் வையுங்கள். மார்ச் 31 முடிந்ததும் நிஜ எண்ணைப் பக்கத்தில் எழுதுங்கள். உங்களிடம் போன வருஷப் பள்ளிப் போன் தேதிகள் இல்லையென்றால், இந்த வருஷம் 30% என்ற என் உதாரணத்தை எடுத்துப் போட்டுவிடாதீர்கள். வருகைப் பதிவேட்டில் தலைமையாசிரியர்களின் கடிதங்களை இணைத்து வைத்திருப்பார்கள், அந்தக் கடிதத் தேதியிலிருந்தே ஓரளவு எடுத்துவிடலாம்.